சான்றிதழ் சுத்திகரிப்பு ஆலையில், குழி பெல்லந்தூரில்: தார் தரச் சோதனையில் விடுபடும் 350 கிலோமீட்டர்

பெங்களூரு: வெளிவட்டச் சாலையின் பெல்லந்தூர் பகுதியிலிருந்து அலுவலகத்தை மாற்ற முடிவு செய்திருப்பதாக 2025 செப்டம்பரில் பிளாக்பக் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ராஜேஷ் யபாஜி அறிவித்தார். அவர் கூறிய காரணங்களில் சாலைக் குழிகளும் புழுதியும் இடம்பெற்றிருந்தன. ஆந்திரப் பிரதேச அமைச்சர் நாரா லோகேஷ் உடனடியாக விசாகப்பட்டினத்துக்கு அழைப்பு விடுத்தார். அடுத்த சில நாட்களில், நகரின் குழிகளை ஒரு மாதத்திற்குள் மூடுமாறு கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

அப்போது நடந்த விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே அமைந்தது. மொத்தம் எத்தனை குழிகள், எத்தனை மூடப்பட்டன, எஞ்சியவை எந்தத் தேதிக்குள் மூடப்படும் என்பவையே கேட்கப்பட்டன. குழியை மூடிய கலவையில் இருந்த தார் எந்தத் தரத்தைச் சேர்ந்தது, அதை யார், எந்த இடத்தில், எந்த நாளில் சோதித்தார்கள் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. மூடிய குழி அடுத்த மழையில் மீண்டும் திறக்குமா என்பது பெருமளவில் அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

தார் தரம் குறித்து இந்தியாவில் விரிவான, கண்டிப்பான விதிகள் உள்ளன. ஆனால் அவை மிகச் சரியாகக் கடைப்பிடிக்கப்படும் இடம் சுத்திகரிப்பு ஆலையின் வாயிலாக இருக்கிறது. தார் கெடுவது அதற்குப் பிறகுதான்: டேங்கர் லாரியில், கலவை ஆலையின் சூடேற்றும் தொட்டியில், நெரிசலில் சிக்கி நிற்கும் டிப்பரில். வாயிலில் வழங்கப்படும் சான்றிதழ் சாலை வரை உடன் வருகிறது. சான்றிதழில் எழுதப்பட்ட தரமும் உடன் வருகிறதா என்பதை உறுதி செய்யும் ஏற்பாடு பலவீனமாகவே உள்ளது.

இது வாகன ஓட்டிகளின் வசதியோடு முடியும் விவகாரம் அன்று. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாலைக் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் நாடு முழுவதும் 14,926 பேர் உயிரிழந்தனர். 2018-ல் இந்த எண்ணிக்கையைக் கண்ட உச்ச நீதிமன்றம், இதை ஏற்றுக்கொள்ளவே முடியாது என்று கடுமையாகக் கூறியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,856 பேர் இவ்வாறு இறந்துள்ளனர். இவர்களில் பலரும் இருசக்கர வாகனத்தில் சென்றவர்களாகவே இருப்பர் என்பதை ஊகிக்க நிபுணத்துவம் தேவையில்லை.

தார், நிலக்கீல், டாம்பர்

பெயரிலேயே ஒரு குழப்பம் உள்ளது. சாலைக்கு இடும் கருநிறப் பொருளைத் தமிழில் பொதுவாகத் தார் என்கிறோம். பாடநூல்கள் நிலக்கீல் என்கின்றன. பெங்களூருவில் பணித் தொடக்க விழாப் பலகைகளில் கன்னடத்தில் 'டாம்பரீகரண' என்று எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்த ஆவணங்களில் அது பிட்டுமென். நுணுக்கமாகப் பார்த்தால் தாரும் பிட்டுமெனும் வேறு வேறு. தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இன்று சாலைகளில் பயன்படுவதோ, கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் போன்றவற்றைப் பிரித்தெடுத்த பின் அடியில் எஞ்சும் பிட்டுமென். செய்தி வழக்கை ஒட்டி இக்கட்டுரையும் அதைத் தார் என்றே குறிப்பிடுகிறது.

அது எஞ்சிய பொருள் என்பதில்தான் தரச் சிக்கல் தொடங்குகிறது. கச்சா எண்ணெய் எந்த நாட்டிலிருந்து வந்தது, எவ்வாறு சுத்திகரிக்கப்பட்டது என்பதற்கேற்ப அடியில் தங்கும் பொருளின் குணமும் மாறும். எண்ணெய் நிறுவனத்தின் வருவாயில் அதற்குச் சிறு இடமே உண்டு. சாலைக்கோ, ஜல்லிக் கற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் ஒரே பொருள் அதுதான். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 88 லட்சம் டன் தார் பயன்படுவதாகவும், அதில் ஏறத்தாழ பாதி இறக்குமதி என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2024 டிசம்பரில் தெரிவித்தார். வெவ்வேறு நாடுகளிலிருந்து வெவ்வேறு கச்சா எண்ணெயின் எச்சம் ஒரே தரப் பெயரில் வந்து சேர்கிறது என்பது இதன் பொருள்.

இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 73 என்ற தரநிலை இதை முறைப்படுத்துகிறது. 1950-ல் முதன்முதலாக வெளியான அத்தரநிலை, நெடுங்காலம் ஊடுருவல் சோதனையின் அடிப்படையில் தாரைத் தரம் பிரித்தது. 25 டிகிரி செல்சியஸில் வைத்த தாரின் மீது 100 கிராம் எடையுள்ள ஊசியை ஐந்து விநாடிகள் இறங்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் சென்றது என்று அளப்பதே அச்சோதனை. எளியது, மலிவானது. ஆனால் கோடைகாலத்தில் சாலைப் பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது அதே தார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. 25 டிகிரியில் ஒன்றுபோல் தோன்றும் இரு தார்கள் 60 டிகிரியில் முற்றிலும் வேறுபடலாம். ஆகவே 2006-ல் தரப் பிரிப்பின் அடிப்படை பாகுநிலைக்கு மாறியது. 60 டிகிரி வெப்பத்தில் தார் எவ்வளவு எளிதில் வழிந்தோடுகிறது என்பதே இப்போதைய முதன்மை அளவீடு. விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று நான்கு தரங்கள் வந்தன. 2013-ல் இத்தரநிலை மீண்டும் திருத்தப்பட்டது.

அதன்படி விஜி-30 தரத் தாரின் பாகுநிலை 60 டிகிரியில் 2,400 முதல் 3,600 பாய்ஸ் வரை இருக்க வேண்டும். ஊசி ஊடுருவல் 45-க்குக் குறையக்கூடாது. தீப்பற்றும் வெப்பநிலை 220 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. டிரைகுளோரோஎத்திலீன் கரைப்பானில் 99 சதவீதமாவது கரைய வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு குறிப்பிட்ட முறைகேட்டுக்கு வைத்த காவல் என்று சொல்லலாம். தாரில் கல் தூளோ சுண்ணாம்புத் தூளோ கலந்திருந்தால் அது கரையாமல் தங்கிக் காட்டிக்கொடுக்கும். டீசல், மண்ணெண்ணெய் போன்ற இலகுவான எண்ணெய் கலந்திருந்தால் தீப்பற்றும் வெப்பநிலை சரியும்.

எந்த ஊருக்கு எந்தத் தரம் என்பதற்கும் தரநிலையில் வழிகாட்டுதல் உண்டு. ஏழு நாள் சராசரி உச்ச வெப்பநிலை 30 முதல் 38 டிகிரி வரை உள்ள இடங்களுக்கு விஜி-20, 38 முதல் 45 வரை விஜி-30 என்று அது கூறுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலையே 39.2 டிகிரிதான் (2016 ஏப்ரல் 24). வானிலையை மட்டும் பார்த்தால் விஜி-20 போதும் என்று தோன்றும். ஆனால் தாரின் மீது பாரம் எவ்வளவு நேரம் அழுத்துகிறது என்பதும் முக்கியம். வேகமாகக் கடக்கும் லாரியைவிட, சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து நகரும் பேருந்து சாலையை அதிகமாகக் குழிக்கும். இந்த நகரின் நெரிசலே கடினமான தாரைக் கேட்கிறது. நடைமுறையில் விஜி-30, கனரகப் போக்குவரத்துள்ள சாலைகளில் அதற்கும் மேற்பட்ட தரம் அல்லது பாலிமர் கலந்த தார் குறிப்பிடப்படுவதற்கு இதுவே காரணம்.

டேங்கரின் பயணம்

பெங்களூருவுக்கு அருகிலுள்ள பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு. ஒன்று மேற்கே மங்களூருவில், மற்றொன்று கிழக்கே சென்னை மணலியில். இரண்டும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மங்களூருவிலிருந்து புறப்படும் டேங்கர் சிராடி மலைப்பாதை ஏறி வர வேண்டும். தார் சூடாக இருந்தால்தான் திரவமாக இருக்கும் என்பதால், வெப்பக்காப்பு உறையுள்ள தொட்டியில் அது ஏற்றப்படுகிறது. வழியில் இறுகினால் எரிகலன் மூலம் மீண்டும் சூடேற்றப்படுகிறது.

இங்கிருந்தே தரம் நழுவும் வாய்ப்புகள் தொடங்குகின்றன. டேங்கரில் முன்பு ஏற்றியிருந்த பொருளின் மிச்சம் கலக்கலாம். வழியில் சிறிது இறக்கப்பட்டு, எடையை ஈடுகட்ட வேறொன்று சேர்க்கப்படலாம். டேங்கர் வந்து சேராமலே போகவும் கூடும். பீகாரில் 1990-களில் நடந்த தார் ஊழலில் சாலைப் பணிக்கென்று எடுக்கப்பட்ட தார் பணியிடத்துக்கே போய்ச் சேரவில்லை. அந்த வழக்கில் அம்மாநில முன்னாள் அமைச்சர் இலியாஸ் உசேனுக்கு 2018-ல் ராஞ்சி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காகிதத்தில் அத்தனையும் சரியாக இருந்த தார் அது.

ஆனால் மோசடி எதுவும் இல்லாமலே தார் கெடும் என்பதுதான் அதிகம் கவனிக்கப்படாத பகுதி. கலவை ஆலையில் விஜி-30 தார் 150 முதல் 165 டிகிரி வரை சூடேற்றப்பட வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டுமான விவரக்குறிப்பு கூறுகிறது. ஜல்லியைச் சூடேற்றும்போது வெப்பநிலை இதைவிட மிக அதிகமானால், கல்லின் மீது மெல்லிய படலமாகப் பரவும் தார் சில நிமிடங்களிலேயே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகிவிடும். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்து அடைய வேண்டிய முதுமையை அது சாலைக்கு வருமுன்பே அடைந்துவிடுகிறது. பார்வைக்கு அதுவும் கறுப்பாகவே இருக்கும். இறுகிய தார் நெகிழாது, வெடிக்கும். வெடிப்பின் வழியே நீர் இறங்கும். அடுத்த கட்டம் குழி.

இதை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. சுழலும் கண்ணாடிக் குடுவைகளில் தாரை மென்படலமாகப் பரப்பி, 163 டிகிரியில் 85 நிமிடங்கள் சூடான காற்று படும்படி வைப்பார்கள். அதன் பிறகு பாகுநிலை எத்தனை மடங்கு கூடியது என்று பார்ப்பார்கள். நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆனால் இது ஆய்வகத்தில் சரியான வெப்பநிலையில் நடப்பது. ஆலையில் அன்றிரவு எரிகலன் எப்படி எரிந்தது என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, போட்ட சாலையிலிருந்தே துண்டு வெட்டி எடுத்து, கரைப்பானில் கழுவித் தாரை மீட்டெடுத்து, அதன் பாகுநிலையை அளக்க வேண்டும். இச்சோதனை முறை உலகெங்கும் அறியப்பட்டதுதான். நகராட்சிப் பணிகளில் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. அங்கு சாலைத் துண்டு வெட்டப்படுவது பெரும்பாலும் தடிமனையும் அடர்த்தியையும் பார்க்கத்தான்.

கலவை ஆலைகள் நகருக்கு வெளியே உள்ளன. சாலைப் பணியோ பெரும்பாலும் இரவில் நடக்கிறது. கலவை சாலையில் கொட்டப்படும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். ரோலர் ஓட்டி முடிக்கும்போதும் 90 டிகிரிக்குக் குறையக்கூடாது. டிப்பர் ஒரு மணி நேரம் தாமதித்து, தார்ப்பாயும் சரியாக மூடப்படாமல் வந்தால், மேற்பரப்புக் கலவை குளிர்ந்து கட்டியாகிவிடும். அதை எத்தனை முறை உருட்டினாலும் போதுமான அடர்த்தி வராது. கலவைக்குள் எட்டு சதவீதத்துக்கு மேல் காற்று வெற்றிடம் தங்கிவிட்டால் நீர் எளிதாக ஊடுருவத் தொடங்கும் என்பது சாலைப் பொறியியலில் நன்கு நிலைபெற்ற முடிவு. நல்ல தாரே ஆனாலும் இங்கே அதன் கதை முடிந்துவிடும். பணியிடத்தில் ஒரு வெப்பமானியும், அதன் அளவைப் பதிவு செய்து கையொப்பமிட ஒரு ஊழியரும் இருந்தால் தடுக்கக்கூடிய கேடு இது.

கல்லுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூருவைச் சுற்றிலும் கிடைக்கும் ஜல்லி பெரும்பாலும் கருங்கல் வகை. சிலிக்கா மிகுந்த இக்கல்லை நீர் மிக எளிதாகப் பற்றிக்கொள்ளும். தாரும் நீரும் ஒரே கல்லுக்குப் போட்டியிட்டால் நீரே வெல்லும். இதைத் தடுக்கக் கலவையில் சுண்ணாம்பு அல்லது ஒட்டுத்திறன் கூட்டும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, பூச்சு எவ்வளவு நீங்கியது என்று பார்க்கும் எளிய சோதனையும் உள்ளது. தாரைத் தனியாகச் சோதித்துச் சான்றிதழ் தருவதில் உள்ள குறை இங்கே தெளிவாகிறது. தார் தேர்ச்சி பெறலாம், கல்லும் தேர்ச்சி பெறலாம், இரண்டும் சேர்ந்து தோற்கலாம்.

ஒரு கிலோமீட்டர் கணக்கு

தாரைக் குறைத்துப் போடுவதில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. ஏழு மீட்டர் அகலச் சாலையில் 40 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேற்பரப்புக் கலவை இட, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 650 டன் கலவை தேவை. அதில் 5.4 சதவீதம் தார் என்றால் 35 டன். இதில் அரை சதவீதப் புள்ளியைக் குறைத்து 4.9 சதவீதமாக இட்டால் மூன்றேகால் டன் மிஞ்சும். டன்னுக்கு 50,000 ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். பத்து கிலோமீட்டர் ஒப்பந்தத்தில் பதினாறு லட்சம். பொதுமக்களில் எவரும் சாலையைப் பார்த்து இந்த அரை சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விவரக்குறிப்பு அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.3 சதவீதப் புள்ளி மட்டுமே. அதைத் தாண்டிய குறைவை ஆய்வகம் மட்டுமே காட்டும், அதுவும் மாதிரி நேர்மையாக எடுக்கப்பட்டிருந்தால்.

எல்லா ஒப்பந்ததாரர்களும் இப்படிச் செய்கிறார்கள் என்பது இதன் பொருள் அன்று. ஆனால் கர்நாடகத்தில் ஒப்பந்தப் பணிகளுக்கு 40 சதவீதம் கமிஷன் கேட்கப்படுவதாக மாநில ஒப்பந்ததாரர் சங்கமே 2021-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் ஆணையம் 2025 மார்ச்சில் அறிக்கை அளித்தது. குற்றச்சாட்டின் உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதி வேறெங்கோ போகுமானால், அந்த இழப்பு ஈடுகட்டப்படும் இடம் கண்ணுக்குத் தெரியாத பொருளாகத்தான் இருக்கும். சாலையில் அப்பொருள் தார்.

பெரிய நெடுஞ்சாலைப் பணிகளில் ஒப்பந்ததாரரின் ஆய்வகம், ஆலோசகரின் மேற்பார்வை, அதற்கும் மேல் ஆணையத்தின் பொறியாளர் என்று அடுக்குகள் உண்டு. வார்டு அளவிலான சிறு பணிகளில் இந்த அடுக்குகள் மெலிந்துவிடுகின்றன. ஒரு தெருவுக்கு இரண்டு லாரிக் கலவை போதும் எனும்போது, டன் கணக்கை அடிப்படையாகக் கொண்ட சோதனை எண்ணிக்கை சில நேரம் ஒன்றுகூடத் தேவைப்படாத நிலைக்கு வந்து நிற்கிறது. குழி மூடும் பணி இன்னும் மோசம். மழை விட்ட ஒரு மணி நேரத்தில், ஈரம் காயாத பள்ளத்தில் கொட்டப்படும் கலவையில் எந்தத் தார் இருந்தாலும் அது ஒட்டப் போவதில்லை.

நியாயமாகச் சொல்வதானால், பெங்களூருவின் எல்லாக் குழிகளுக்கும் தார் பொறுப்பன்று. குடிநீர் வாரியமும் மின் விநியோக நிறுவனமும் கண்ணாடி இழை கேபிள் நிறுவனங்களும் புதிய சாலையை வெட்டுகின்றன. வெட்டிய பள்ளம் சரியாக இறுக்கப்படாமல் மூடப்படுகிறது. மழைநீர் வடிகால் அடைபட்ட இடத்தில் சாலையே குளமாகிறது. இக்காரணங்கள் உண்மையானவை. ஆனால் சோதனைப் பதிவுகள் இல்லாத நிலையில், எந்தக் குழிக்கு எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. மழையைக் குறை சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

கனடாவின் அனுபவம்

தார் தரத்தில் தவறுவது வளரும் நாடுகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதினைந்து ஆண்டுகள் நிலைக்க வேண்டிய நெடுஞ்சாலைகள் சில, போட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே வெடிக்கத் தொடங்கின. அம்மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2016-ஆம் ஆண்டு அறிக்கையில் இதை விரிவாக ஆராய்ந்தார். விரைவில் வெடிக்கக்கூடிய தாரைக் கண்டறியும் சோதனைகள் கையில் இருந்தும், போக்குவரத்து அமைச்சகம் அவற்றை நடைமுறைப்படுத்தப் பல ஆண்டுகள் தாமதித்ததை அறிக்கை சுட்டிக்காட்டியது. மாதிரி எடுக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரரிடமே இருந்ததால், சோதனைக்கு ஒன்றும் சாலைக்கு வேறொன்றும் போக வாய்ப்பு இருந்தது என்பதும் அதில் இடம்பெற்றது. குளிரில் வெடிக்கும் கனடா சாலையும் மழையில் பெயரும் பெங்களூரு சாலையும் வேறு வேறு நோய்கள்தாம். மாதிரியை யார் எடுப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

அமெரிக்கா இச்சிக்கலை 1987 முதல் 1993 வரை நடத்திய பெரும் ஆராய்ச்சித் திட்டத்தின் வழியே அணுகியது. அதிலிருந்து பிறந்த செயல்திறன் தரமுறை, ஓர் ஊரின் கோடை உச்சத்தையும் குளிர்கால அடிமட்டத்தையும் தாங்கும் திறனை வைத்துத் தாருக்குப் பெயரிடுகிறது. முதுமையடைந்த தாரும் அதில் சோதிக்கப்படுகிறது. இந்தியா இந்த அணுகுமுறையை 2019-ல் பாலிமர் கலந்த தாருக்கான ஐஎஸ் 15462 தரநிலையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெரும்பான்மைச் சாலைகளில் பயன்படும் சாதாரணத் தார் இன்னமும் பாகுநிலை முறையிலேயே நிற்கிறது. சென்னை ஐஐடி போன்ற நிறுவனங்களில் இத்துறையில் நீண்டகால ஆராய்ச்சி நடந்துவருகிறது. கிண்டியில் தமிழக அரசின் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அறிவுக்கும் கருவிக்கும் தென்னிந்தியாவில் பஞ்சமில்லை.

பிளாஸ்டிக் சாலையும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக் கழிவு பூசப்பட்டு அதன் பின் தார் சேர்க்கப்படுகிறது. கல்லுக்கும் நீருக்கும் இடையே ஒரு தடுப்பு உருவாகிறது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெங்களூரு இம்முறையை இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே பயன்படுத்திப் பார்த்த நகரங்களில் ஒன்று. முறை நல்லதே. ஆனால் குப்பையிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் எந்த வகை எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறும். அதில் பிவிசி கலந்துவிட்டால் சூட்டில் நச்சுப் புகை எழும். தாருக்கே ஒழுங்கான சோதனை நடக்காத இடத்தில் இன்னொரு மாறுபடும் பொருளைச் சேர்ப்பது, சோதனையின் தேவையை இரட்டிப்பாக்குகிறது.

காங்கிரீட் என்ற மாற்று

பெங்களூரு நிர்வாகம் சில ஆண்டுகளாக வேறு வழியை நாடியுள்ளது. முக்கியச் சாலைகளில் தாரின் மீதே காங்கிரீட் தளம் இடும் 'வெள்ளை மேற்பூச்சு' பணிகள் 2017 முதல் நடந்துவருகின்றன. முப்பது ஆண்டுகள் வரை நிலைக்கும் என்று கூறப்படுகிறது. ஆனால் நகரிலுள்ள சுமார் 14,000 கிலோமீட்டர் சாலைகளில் முக்கியச் சாலைகள் பத்தில் ஒரு பங்கு அளவே. மீதமுள்ள குடியிருப்புத் தெருக்கள் இன்னும் பல்லாண்டுகள் தார்ச்சாலைகளாகவே இருக்கும். தவிர, தரச் சோதனையில் கோட்டை விட்ட அதே அமைப்பு காங்கிரீட்டில் மட்டும் விழித்திருக்கும் என்று நம்பக் காரணம் தேவை. தார் தோற்றதா, தாரைச் சோதிக்க வேண்டிய ஏற்பாடு தோற்றதா என்பதை ஆராயாமலே பொருள் மாற்றப்படுகிறது.

நீதிமன்றங்கள் வேறொரு முனையிலிருந்து அழுத்தம் கொடுக்கின்றன. 2015-ல் தாக்கலான பொதுநல வழக்கில், குழிகளால் காயமடைந்தோருக்கும் உயிரிழந்தோர் குடும்பத்துக்கும் மாநகராட்சி இழப்பீடு வழங்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் கூறியது. மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இன்னும் திட்டவட்டமாக, உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய் என்று தொகையையே நிர்ணயித்தது. இழப்பீட்டை ஒப்பந்ததாரரிடமோ பொறுப்பான அதிகாரியிடமோ வசூலிக்க வேண்டுமானால், சாலை ஏன் உடைந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம், சாலை போட்ட நாளில் எடுத்து முத்திரையிட்டு வைத்த தார் மாதிரியைத் தவிர வேறெதுவாக இருக்க முடியும்?

இங்கேதான் செலவு குறைந்த தீர்வும் உள்ளது. கலவை ஆலையின் தொட்டியிலிருந்து, ஒப்பந்ததாரர் அல்லாத ஒருவர் முன்னிலையில், ஒவ்வொரு டேங்கருக்கும் ஒரு மாதிரி எடுக்கலாம். அதைத் தகரக் குவளையில் அடைத்து, முத்திரையிட்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் வரை பாதுகாக்கலாம். எல்லாவற்றையும் உடனே சோதிக்கத் தேவையில்லை. சாலை முன்கூட்டியே உடைந்தால் குவளையைத் திறந்தால் போதும். குவளையிலுள்ள தாரும் சாலையிலிருந்து மீட்ட தாரும் எங்கே வேறுபடுகின்றன என்பதிலிருந்து, தவறு நடந்தது டேங்கரிலா, ஆலையிலா, சாலையிலா என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். குவளை பின்னொரு நாள் திறக்கப்படலாம் என்ற எண்ணமே பலரைச் சரியாக நடக்க வைக்கும். இதோடு டேங்கர் எண், எடைச்சீட்டு, ஆலை வெப்பநிலை, கலவை கொட்டிய நேரம் ஆகியவற்றை இணையத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பது, மென்பொருள் தலைநகர் என்று பெயர் வாங்கிய நகருக்குப் பெரிய காரியமாக இருக்க முடியாது.

ஒப்பந்த முறையையும் மாற்றலாம். தமிழக நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் தொடங்கிப் பிற கோட்டங்களுக்கும் கொண்டு சென்ற ஐந்தாண்டு செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில், எத்தனை குழி மூடப்பட்டது என்பதற்குப் பணம் இல்லை. சாலை எந்நிலையில் இருக்கிறது என்பதற்கே பணம். அந்த ஏற்பாட்டில் மலிவான தார் வாங்குவது ஒப்பந்ததாரருக்கே நட்டம்.

2025 செப்டம்பர் 2 முதல் பழைய பெங்களூரு மாநகராட்சிக்குப் பதிலாக ஐந்து புதிய மாநகராட்சிகள், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் இயங்கத் தொடங்கின. பழைய ஒப்பந்தப் படிவங்களை அப்படியே தொடர்வதா, திருத்துவதா என்பது இந்த அமைப்புகளின் கையில் உள்ளது. அவை வெளியிடும் சாலைப் பணி ஒப்பந்தப் புள்ளிகளில் பார்க்க வேண்டியது மதிப்பீட்டுத் தொகையை மட்டுமன்று. தார் மாதிரியை யார் எடுக்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற வரிகள் அந்த ஆவணங்களில் இருக்கின்றனவா என்பதையும்தான்.